அழுத்தம்

முதல் வாரம் கைரேகை.
தேதி முடிந்த முகப்பவுடர் டப்பாக்கள்
மருந்துக்கடையில் என் கல்லாவுக்கடியில் ஏழெட்டு கிடந்தன.
தங்கச்சி கல்யாணத்தில் மிஞ்சிய மேக்கப் பிரஷ்,
செலோடேப், கறுப்பு சார்ட் அட்டை.
டம்ளரையெல்லாம் துடைக்கக் கூடாது என்றாள்.
துடைக்கவில்லை.
அந்த மூன்று நாளும்
அம்மாபேட்டையிலேயே அதிக ஈ எங்கள் வீட்டில்தான்.

சுபிக்ஷாவுக்குப் பதினான்கு.
தடயவியல் என்பதை
டீ, காபி என்பது போலச் சொல்கிறாள்.
எனக்கு இன்னும் அது வாய்க்குள் உருளுகிறது.

இரண்டாம் வாரம் ரத்தம்:
பீட்ரூட் சாறு, ஒரு ஸ்பூன் மைதா.
ஒரு அடி, மூன்று அடி,
பிறகு ஸ்டூல் மேலேறி.
உயரம் கூடினால் வட்டம் பெரிதாகும்.
சாய்ந்து விழுந்தால் வால் முளைக்கும்,
வால் நீளும் பக்கம் அது போன பக்கம்.
கீழ் போர்ஷன் புஷ்பராணி எட்டிப் பார்த்து
நெஞ்சில் கை வைத்தாள்.
"பாடம்" என்றேன்.

மூன்றாம் வாரம் கறுப்பு ஸ்கெட்ச் பேனா.
தண்ணீர் ஏற ஏற டிஷ்யூவில்
கோடு பிரிந்துகொண்டே போனது,
நீலமாய், ஊதாவாய், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளாய்.
"பாத்தியாம்மா, கறுப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல."

நான்காம் வாரம்
நான் ஒரு திருடனை உண்டாக்க வேண்டியிருந்தது.
வீட்டுக் கணக்கு எழுதும் பேடில் எழுதினேன்:
'இன்றிரவு பத்து மணி. மல்கோவா மூன்றும் எனக்கே.'
தாளைக் கிழித்துக் கொளுத்தினேன்.
பழங்களை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.
வெற்றுப் பேடை அவள் மேசையில் வைத்துவிட்டுக்
கடைக்குக் கிளம்பிப் போனேன்.

நாளெல்லாம் சீட்டு படிக்கிறவள் நான்.
எந்த டாக்டரின் எந்தக் கிறுக்கல் எந்த மாத்திரை,
தூக்கத்திலும் சொல்வேன்.
என் கை எத்தனை தாள் ஆழம் இறங்கும்
என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை.
டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.
"பழம் அரிசி டிரம்முல. காலையில உன் முழங்கையில மாவு."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்திருந்தாள்.
சாம்பல் நிறத்தில்
வெள்ளை வெள்ளையாய் என் திருடன்.
அவனுக்கும் அடியில், மங்கலாய்,
பங்குனியில் நான் எழுதிய கடிதத்தின் எலும்புகள்:
'ஏற்காட்டிலேயே இருந்துகொள்ளுங்கள்.
லாட்ஜில் லீவு தரவில்லை என்று
அவளிடம் நானே சொல்லிக்கொள்'

மிச்சம் திருடனின் மாம்பழத்தில் மறைந்திருந்தது.

நோட்டில் குறித்துக்கொண்டே சொன்னாள்,
என்னைப் பார்க்காமல்:
"ரெண்டு எழுத்து இருக்குதும்மா.
கை ஒண்ணுதான். அழுத்தம் வேற வேற.
இதுல ஒண்ணு விளையாட்டுக்கு எழுதினது."

எது என்று நான் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் உட்கார்ந்து
மூன்று பழத்தையும் தின்றோம்,
முழங்கை வரைக்கும் வழிய.
எதிரே மலை. ஒற்றை வண்டி ஏறிக்கொண்டிருந்தது,
வளைவில் காணாமல் போய்,
கொஞ்சம் மேலே வேறு பக்கமிருந்து வெளிச்சம் காட்டி.
கொட்டையைச் சப்பியபடி
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

காலையில் என் கைப்பைக்குள்
எங்கள் கடையின் பழுப்புக் கவர்.
பிரித்தால் தெரிந்துவிடும்படி
ஒட்டிய வாயின் மேல் குறுக்காக அவள் கையெழுத்து.

தடயம் எண் 7.
கண்டெடுத்த இடம்: வீடு.
கண்டெடுத்தவர்: த. சுபிக்ஷா. இரவு 8.40.
வேறு யாரும் பார்த்தார்களா: இல்லை.
பெற்றுக்கொண்டவர்:

அதற்கு நேரே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடு.

மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம்
நூலில் கட்டித் தொங்கும் பேனாவை இழுத்து
அந்தக் கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன்.

அழுத்தாமல் எழுதத்தான் பார்த்தேன்.